கைமறதிக்கு ஒரு மாடக்குழி

கேள்வி: எனக்கு வயது 66. சென்னையில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்று, காரைக்குடி பக்கம் எங்கள் பூர்வீக வீட்டுக்கு வந்து 2 வருடமாகிறது. வேலையில் இருந்தவரை லாக்கர் சாவியை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. இப்போது கண்ணாடி, செல்போன், பாஸ்புக் என்று எதையாவது தேடுவதே பொழுதாகிவிட்டது. போன வாரம் பீரோ சாவியை அரை நாள் தேடினோம். கிணற்றடியில் துவைக்கிற கல்மேல் கிடந்தது. மோட்டார் போடப் போனபோது வைத்தது என்று பார்த்ததும் ஞாபகம் வந்தது. என்மேலேயே எரிச்சலாக வருகிறது. இது மறதி நோயின் ஆரம்பமா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் எனக்கு நிம்மதி தந்த வரி, 'பார்த்ததும் ஞாபகம் வந்தது' என்பதுதான். நடந்த வழியைத் திரும்ப யோசித்துக் கோர்க்க முடிகிறதென்றால் அது நல்ல அறிகுறி.

இதற்குக் கைமறதி என்று நம் பேச்சிலேயே ஒரு சொல் இருக்கிறது. எவ்வளவு சரியான சொல்! சாவியைக் கல்மேல் வைத்தது கை. மனம் அப்போது மோட்டாரிலும் தண்ணீர்த் தொட்டியிலும் இருந்தது. வைக்கும் நேரத்தில் கவனிக்காத ஒன்று மூளையில் சரியாகப் பதிவதில்லை. பதியாததை அப்புறம் எவ்வளவு யோசித்தாலும் எடுக்க முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு காரியத்தில் கவனம் வைப்பது வயது ஏற ஏற எல்லோருக்குமே சிரமமாகும்.

வேலை நாட்களில் உங்கள் பொருள்களைக் காப்பாற்றியது ஞாபகம் மட்டுமில்லை, அந்த நாளின் ஒழுங்கும்தான். கண்ணாடி சட்டைப் பையில், சாவி மேஜை இழுப்பறையில், தினமும் ஒரே நேரத்தில் கிளம்புவது. ஓய்வோடு அந்த ஒழுங்கு போய்விட்டது. வீடும் மாறிவிட்டது. சென்னையில் சில அறைகள்தான் இருந்திருக்கும். இங்கே முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. அமெரிக்காவின் நோட்டர் டாம் பல்கலைக்கழகத்தில் கேப்ரியல் ராட்வான்ஸ்கி குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அதே தூரத்தை ஒரே அறைக்குள் நடந்தவர்களைவிட வாசலைத் தாண்டிப் போனவர்கள் கையிலிருந்த பொருளை அதிகமாக மறந்தார்கள். அத்தனை பேரும் கல்லூரி மாணவர்கள். உங்கள் முகப்பிலிருந்து கிணற்றடிக்கு எத்தனை நிலைப்படி என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனாலும் ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு, காது மந்தம் இவையும் கவனத்தைக் கெடுக்கும். சர்க்கரைக்கு மெட்பார்மின் பல வருடமாகச் சாப்பிட்டால் பி12 குறையலாம். தூக்க மாத்திரையும், சளிக்கும் அரிப்புக்கும் போடுகிற சில மாத்திரைகளும் மந்தப்படுத்தும். சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். பழகிய தெருவில் வழி தடுமாறுவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, கண்ணாடியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு யாரோ திருடிவிட்டார்கள் என்று அடித்துச் சொல்வது, பணக் கணக்கில் புதிதாகக் குழப்பம் வருவது, இவற்றில் ஏதாவது தெரிந்தால் தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். இவற்றைக் கூட இருப்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள், உங்கள் மனைவி ஆச்சியிடமும் கேளுங்கள்.

சரி, இனி சாவிக்கு வருவோம். நீங்கள் அதிகம் நடமாடும் வழியில் ஒரு மாடக்குழியைத் தேர்ந்தெடுத்து, அதில் ஒரு கொட்டானை, அதாவது பனையோலையில் பின்னிய சிறு கூடையை, வையுங்கள். சாவி, கண்ணாடி, செல்போன் மூன்றுக்கும் அதுதான் வீடு. மூடி வேண்டாம், பீரோவும் வேண்டாம். திறந்து மூட வேண்டிய இடத்துக்குக் கை போகச் சோம்பல்படும். போடும்போது 'சாவி மாடத்தில்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லும் அந்த நொடியில் மனமும் கையோடு வந்துவிடும். படிக்கிற கண்ணாடி இன்னொன்று வாங்கி இரண்டாங்கட்டில் வைத்துவிடலாம். அந்தச் செலவு தகும்.

பாஸ்புக், பென்ஷன் தாள்கள், பத்திரங்களுக்கு உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வழிதான். பாத்திரத்துக்குப் பேர் வெட்டி, கல்யாணச் சாமானுக்குப் பட்டியல் எழுதி வைத்தவர்கள் அவர்கள். எது எந்த அறையில், எந்தப் பெட்டியில் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நோட்டு இருக்கும் இடம் ஆச்சிக்கும் தெரிய வேண்டும்.

அப்படியும் ஒன்று தொலைந்தால் உடனே வீடெல்லாம் அலையாதீர்கள். பதற்றத்தில் பார்த்த இடத்தையே மூன்று தடவை பார்ப்போம். உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். கடைசியாக அதை எதற்கு எடுத்தேன் என்று யோசியுங்கள். தேடும்போது பொருளின் பெயரைச் சொல்லிக்கொண்டே தேடுங்கள். பழக்கமான பொருள்கள் அப்படிச் சொன்னால் சீக்கிரம் கண்ணில் படுவதாக 2012-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. செய்தித்தாளையும் துண்டையும் தூக்கிப் பார்க்க மறக்க வேண்டாம்.

முதல் சில வாரம் கை பழையபடி எங்காவது வைக்கத்தான் செய்யும். அப்போது ஆச்சி எடுத்து வைத்துவிடாமல், உங்களைக் கூப்பிட்டுச் சொல்லட்டும். நீங்களே எடுத்துப் போய்க் கொட்டானில் போடுங்கள். அப்போதுதான் பழக்கம் உங்கள் கைக்கு வரும்.