ஜப்பானிய ரியோகானில் இருவராகத் தங்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ரியோகான் என்பது ஜப்பானின் பாரம்பரிய விடுதி. பாய் விரித்த அறை, வெந்நீர் ஊற்றுக் குளியல், இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்தே வாடகை. மலையோரமாக ஒதுங்கியிருக்கும் உயர்தர ரியோகான்களில் கணவன் மனைவியாகத் தங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுகிறவற்றுக்கு இங்கே பதில்.

அக்கா, டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா மூணும் பார்த்துட்டு நடுவுல ஒரு ராத்திரி ரியோகான்ல தங்கலாம்னு இருக்கோம். அன்னிக்குப் பகல் முழுக்கச் சுத்திட்டு எட்டு மணிக்குப் போய்ச் சேருவோம். சரியா இருக்குமா? (கோவை)

வேண்டாம் தம்பி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரி. ரியோகானில் பெரும்பாலும் மாலை 3 மணிக்கு அறை தருவார்கள், மறுநாள் 10 அல்லது 11 மணிக்குக் காலி செய்ய வேண்டும். இரவுச் சாப்பாடு 6, 6.30 வாக்கில் தொடங்கிவிடும். கைசெகி என்கிற அந்த விருந்து ஒவ்வொரு தட்டாக வந்து முடிய இரண்டு மணி நேரம் ஆகும். எட்டு மணிக்குப் போனால் சமையலறை அடுப்பை அணைத்திருப்பார்கள், சாப்பாட்டுக் காசும் திரும்பி வராது. படுத்துத் தூங்க மட்டும் அவ்வளவு பணம் எதற்கு?

மூன்று மணிக்கே போய்விடுங்கள். தேநீரும் ஒரு இனிப்பும் தருவார்கள். யுகாத்தா என்கிற மெல்லிய பருத்தி அங்கியை உடுத்திக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே ஒரு குளியல். அப்புறம் விருந்து. படுப்பதற்கு முன் ஒரு குளியல், விடிகாலையில் இன்னொன்று. இருவரும் சேர்ந்து எதையும் செய்யாமல் இருப்பதற்காகத்தான் அங்கே போவது. முடிந்தால் இரண்டு இரவு தங்குங்கள், நடுவில் முழுதாக ஒரு பகல் கிடைக்கும். நல்ல இடங்களில் இரண்டாம் இரவுக்குச் சாப்பாட்டு வரிசையையே மாற்றிவிடுவார்கள். அதற்காக ஒசாகாவை விட்டுக்கொடுத்தாலும் நஷ்டமில்லை.

எந்த ஊருக்குப் போகலாம்? கூட்டம் இல்லாத இடமா வேணும். (பெங்களூரு)

டோக்கியோவிலிருந்து சுலபம் என்றால் ஹகோனே. அங்குள்ள ஷின்ஜுகு நிலையத்தில் ரொமான்ஸ்கார் ரயில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரம். ஹகோனேயில் உள்ள கோரா கடான் என்ற ரியோகான் முன்பு அரச குடும்பக் கிளை ஒன்றின் கோடை மாளிகையாக இருந்த இடம். ஆனால் ஹகோனேயில் பகலில் கூட்டம் உண்டு. ரியோகான் வாசலைத் தாண்டிய பிறகுதான் அமைதி.

இசு தீபகற்பத்தில் இருக்கும் ஷுசென்ஜி எனக்கு இன்னும் பிடித்த ஊர். அங்கே அசாபா என்ற பழைய ரியோகானில் குளத்துக்கு அக்கரையில் 'நோ' என்கிற பழைய ஜப்பானிய நாடகத்துக்கான மேடை ஒன்று நிற்கிறது. அறையில் உட்கார்ந்தபடி மேடையையும் மூங்கில் காட்டையும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இன்னும் ஒதுக்குப்புறம் வேண்டுமென்றால் கியூஷு தீவு. யுஃபுயின், குரோகாவா, கிரிஷிமா மூன்றும் ஒன்றுக்கொன்று சளைத்தவை இல்லை. 'ஹனாரே' என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். தோட்டத்துக்குள் தனித்தனி வீடாகக் கட்டியிருப்பார்கள், பக்கத்து அறை என்ற பேச்சே இல்லை. ஷிகோகு தீவில் இயா பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்குள்ள ஊற்று விடுதி ஒன்றில் குளிக்க வேண்டுமானால் கேபிள் காரில் ஏறி ஆற்றங்கரை வரை இறங்க வேண்டும். அங்கே நீர் அதிகம் சுடாது, இளஞ்சூடுதான். அரை மணி நேரம்கூட உட்கார்ந்திருக்கலாம்.

பழமைதான் முக்கியம் என்று கேட்ட சேலம் வாசகருக்கு: யமானாஷியில் உள்ள நிஷியாமா ஓன்சென் கெயுன்கான் 705-ஆம் ஆண்டு தொடங்கியது. உலகின் மிகப் பழைய ஹோட்டல் என்று கின்னஸ் பதிவே உண்டு.

பொதுக் குளியலில் துணியில்லாமல் குளிக்கணுமாமே? எனக்குக் கூச்சம். நானும் அவரும் சேர்ந்து குளிக்க முடியுமா? (திருச்சி)

பொதுக் குளியலில் பெரும்பாலும் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் தனித்தனி. நீச்சலுடை கூடாது. அதனால் இருவரும் சேர்ந்து குளிக்க இரண்டு வழிதான். ஒன்று, அறைக்குள்ளேயே திறந்தவெளித் தொட்டி இருக்கிற அறை. இன்னொன்று, 'கஷிகிரி' என்று முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் உங்களுக்கு மட்டும் ஒதுக்கித் தருகிற குளியலறை. கையில் பணம் இருந்தால் முதலாவதையே எடுங்கள். நடுராத்திரி விழிப்பு வந்தால்கூட எழுந்து போய்க் குளிக்கலாம். உடம்பில் பச்சை குத்தியிருப்பவர்களுக்கும் இதுதான் வழி, பொதுக் குளியலில் பல இடங்களில் விடமாட்டார்கள்.

பதிவு செய்யுமுன் ஒன்று கேளுங்கள்: அறைத் தொட்டியில் வருவது ஊற்று நீரா, குழாய் நீரைச் சூடாக்கியதா? படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். 'கென்சென் ககேநகாஷி' என்று போட்டிருந்தால் ஊற்று நீர் புதிதாக விழுந்து வழிந்துகொண்டே இருக்கிறது என்று பொருள். அதுதான் உசத்தி.

எங்கே குளித்தாலும் முதலில் குட்டி முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும். கூந்தலை உயர்த்திக் கட்டிக்கொள்ளுங்கள். துண்டு தண்ணீரில் படக்கூடாது.

நம் பெண்களுக்கு இன்னொன்று. கந்தக நீர் வெள்ளியைக் கறுப்பாக்கிவிடும். ஹகோனேயின் சில ஊற்றுகளும் கிரிஷிமாவும் கந்தகம்தான். மெட்டி, கொலுசு, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி அறையிலேயே வைத்துவிட்டு இறங்குங்கள். தாலிச் சங்கிலியிலும் செம்பு கலந்திருக்கும், லேசாக மங்கலாம். கழற்ற மனமில்லை என்றால் கந்தகம் இல்லாத ஊற்றாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

நாங்கள் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? (மயிலாப்பூர்)

இதில் கவனம் தேவை அம்மா. தட்டில் மீன் துண்டு இல்லை என்றால் சைவம் என்று ஆகிவிடாது. ஜப்பானியச் சமையலின் அடிப்படையான 'தாஷி' சாறு பெரும்பாலும் உலர்ந்த காட்சுவோ மீனையும் 'கொம்பு' என்கிற கடற்பாசியையும் போட்டு எடுப்பது. மிசோ சூப், வேகவைத்த காய், தொட்டுக்கொள்ளும் குழம்பு எல்லாவற்றிலும் அது இருக்கும். ஆகவே 'சைவம்' என்று ஒற்றை வார்த்தையில் எழுதாதீர்கள். இறைச்சி, மீன், இறால் வகை, மீன் தாஷி எதுவும் கூடாது, 'கொம்பு' கடற்பாசி, ஷீதாகே காளான் தாஷி ஆகலாம், முட்டை, பால் உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றாகப் பதிவு செய்யும்போதே எழுதுங்கள். ஜப்பானிய மொழியில் எழுதினால் நல்லது. அங்கே போய் இறங்கியபின் சொன்னால் பாவம், அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. பருவத்துக்கு ஏற்றபடி முன்கூட்டியே திட்டமிட்டுச் சமைக்கிற விருந்து அது.

சில ரியோகான்கள் முடியாது என்றே பதில் எழுதும். அதை நேர்மையாக எடுத்துக்கொண்டு வேறு இடம் பாருங்கள். சரி என்று சொல்லிவிட்டு அரைகுறையாகச் செய்கிற இடத்தைவிட அது எவ்வளவோ மேல்.

முழு நிம்மதி வேண்டுமென்றால் கோயாசான் மலை. அங்கே சுமார் ஐம்பது பௌத்தக் கோயில்களில் தங்க இடம் தருகிறார்கள். துறவிகளின் ஷோஜின் உணவில் மீன், இறைச்சி இல்லை, வெங்காயம் பூண்டும் சேர்ப்பதில்லை. எள்ளை அரைத்துக் கிளறிய வழவழப்பான 'கோமா டோஃபு'வை அங்கே சாப்பிட்டே ஆக வேண்டும். வசதி ரியோகான் அளவுக்கு இராது. தோட்டத்தைப் பார்த்த நல்ல அறைகள் சில கோயில்களில் உண்டு.

இணையத்தில் 60,000 யென் என்று பார்த்தேன். அறைக்கா, ஆளுக்கா? (சிங்கப்பூர்)

பெரும்பாலும் ஆளுக்கு. ரியோகான் கணக்கே அப்படித்தான், இரண்டு வேளைச் சாப்பாடு சேர்த்து. வெளிநாட்டுத் தளங்கள் சில இருவருக்கும் சேர்த்துக் காட்டும், அதனால் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஊற்றுக் குளியல் வரி தனி, பல ஊர்களில் தலைக்கு 150 யென்தான். சனிக்கிழமை, புத்தாண்டு, மே மாதத் தொடக்க விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் வரும் ஒபோன் நாட்களில் விலை ஏறும். வார நாளில் போனால் அதே அறை கணிசமாகக் குறையும்.

மனைவிக்கு ஐந்தாம் மாதம். வெந்நீர் ஊற்று ஆகுமா? (யாழ்ப்பாணம்)

முன்பு கர்ப்பிணிகள் குளிக்கக்கூடாது என்ற எச்சரிக்கை எழுதி வைத்திருப்பார்கள். 2014-இல் ஜப்பான் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஊற்றுக் குளியல் கூடாத நிலைகளின் பட்டியலிலிருந்து கர்ப்பத்தை நீக்கிவிட்டது. ஆனாலும் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். அவர் சரி என்றால், சூடு குறைந்த தொட்டியில் கொஞ்ச நேரம் மட்டும், நீங்கள் கூடவே இருக்கும் அறைக் குளியலில். கல் தரை வழுக்கும், கையைப் பிடித்து இறக்குங்கள். பச்சை மீன் வேண்டாம் என்று முன்பே எழுதிவிடுங்கள்.

முழங்கால் வலி. தரையில் உட்காரவும் படுக்கவும் முடியாது. (மதுரை)

கட்டில் போட்ட ஜப்பானிய அறைகள் இப்போது நிறைய இருக்கின்றன. சாப்பிட மேசை நாற்காலி வேண்டும் என்றும் சேர்த்து எழுதுங்கள், ஏற்பாடு செய்வார்கள்.

பணிப்பெண் அடிக்கடி அறைக்குள் வருவாராமே? புதுசாக் கல்யாணம் ஆனவங்க நாங்க. (சென்னை)

'நகாய்-சான்' என்பவர் தேநீர் வைக்க வருவார், சாப்பாடு அறையிலேயே என்றால் ஒவ்வொரு தட்டுக்கும் வருவார், அப்புறம் மெத்தை விரிக்க வருவார். கூப்பிட்டுக் கேட்டு, முழந்தாளிட்டுக் கதவைத் தள்ளுகிற அந்தப் பணிவும் பக்குவமும் ரியோகானின் உயிர். அதைத் தொந்தரவாக நினைக்காதீர்கள். தனிமை முக்கியம் என்றால் சாப்பாடு தனி உணவறையில் இருக்கிற இடமாகவும், கட்டில் அறையாகவும் எடுங்கள். மாலைத் தேநீருக்குப் பின் யாரும் வரமாட்டார்கள். காலையில் மெத்தை மடிக்க வருவது வேண்டாம் என்றால் முதல் நாளே சொல்லிவிடலாம்.

டிப்ஸ் எவ்வளவு? பெரிய பெட்டிகளை என்ன செய்வது? (துபாய்)

டிப்ஸ் தேவையில்லை, சேவைக் கட்டணம் வாடகையிலேயே அடங்கும். பெட்டிகளை முதல் நாளே டோக்கியோ ஹோட்டலிலிருந்து 'தக்யூபின்' கூரியரில் அடுத்த நகரத்து ஹோட்டலுக்கு அனுப்பிவிடுங்கள். தொலைதூரமானால் இரண்டு நாள் ஆகும், வரவேற்பு மேசையில் கேட்டால் தேதி சொல்வார்கள். ரியோகானுக்கு ஒரு சின்னப் பை போதும். யுகாத்தா, துண்டு, பல் துலக்கும் பிரஷ் எல்லாம் அங்கேயே இருக்கும். யுகாத்தாவை இடப்பக்கம் மேலே வரும்படி உடுத்துங்கள், வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. பாஸ்போர்ட்டைப் பெட்டியோடு அனுப்பிவிடாதீர்கள், ரியோகானில் பதிவு செய்யும்போது கட்டாயம் கேட்பார்கள்.