மணிமேகலை இல்லாத பொன்னியின் செல்வன்

கேள்வி: ‘பொன்னியின் செல்வன்’ படத்தின் இரு பாகங்களையும் பார்த்த பிறகு என் பேத்தி நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தாள். மணிமேகலை என்ற பெண் படத்தில் இல்லவே இல்லையே, முடிசூடுபவரும் வேறு ஆளாக இருக்கிறாரே என்று கேட்கிறாள். இப்படி மாற்றுவது முறைதானா?
– வாசகி ஒருவர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: உங்கள் பேத்தி கதையின் உயிர்நிலையான இரண்டு இடங்களைத் தொட்டிருக்கிறாள். முதலாவது எனக்கும் ஆறாத குறை. இரண்டாவதற்குத் தக்க காரணம் உண்டு என்றே கருதுகிறேன்.

முடிசூட்டு விழாவை முன்னால் எடுத்துக்கொள்வோம். கல்கி இந்த நாவலை 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் தம் இதழில் எழுதினார். அடுத்த இதழ் வரும்வரை வாசகரைக் காத்திருக்க வைக்க வேண்டிய தொடர்கதைக்குப் பிறப்பு மர்மங்களும் ஆள்மாறாட்டங்களும் பெருந்துணை. அதனால்தான் அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகன் சோழ அரசி செம்பியன் மாதேவியின் மகன் அல்லன் என்றும், கோயிலுக்குப் பூமாலை கட்டித் தரும் சேந்தன் அமுதனே அவர் பெற்ற பிள்ளை என்றும் கதை திரும்புகிறது. 2022லும் 2023லும் வெளிவந்த மணிரத்னத்தின் படங்கள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம்தான் ஓடுகின்றன. அதற்குள் இந்த முடிச்சையும் போட்டு அவிழ்க்க இடமில்லை. ஆயினும் விளைவு சிறியதன்று. நாவலில், பின்னாளில் ராஜராஜ சோழனான அருள்மொழிவர்மர் விட்டுக்கொடுக்கும் கிரீடம் அதை விரும்பாத சிவபக்தனான சேந்தன் அமுதனின் தலையில் ஏறுகிறது. படத்திலோ அதற்காகவே சதியில் இறங்கிய மதுராந்தகனின் தலையில் ஏறுகிறது. தகுதியானவனுக்குக் கொடுப்பதைவிடப் பகைத்தவனுக்குக் கொடுப்பது கடினம் என்பதால், இந்த இடத்தில் படத்தின் தியாகமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

மணிமேகலையின் நிலை வேறு. கதைநாயகன் வந்தியத்தேவன் மீது கொலைப்பழி விழுந்தபோது, பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவள் தானே என்று சொல்லி அதை ஏற்றுக்கொள்ள முன்வருபவள், அவனைக் காதலித்த கடம்பூர் இளவரசியான அவள். பிறகு சித்தம் கலங்கி, வந்தியத்தேவன் மடியிலேயே உயிர்விடுகிறாள். நாவலின் கடைசி அத்தியாயத்துக்கு ‘மலர் உதிர்ந்தது’ என்று கல்கி தலைப்பிட்டதும் இந்தச் சாவை எண்ணித்தான். கொன்றவர் யார் என்பதை உறுதியாகச் சொல்லாமலே விட்ட அவர், அந்தக் கொலையால் குற்றமற்ற ஒருத்தி அழிந்தாள் என்பதை மட்டும் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டினார். படம் கரிகாலனின் முடிவை அவனுக்கும் பழுவூர் இளையராணி நந்தினிக்கும் இடையிலான பழைய காதலின் முடிவாக ஆக்கிவிட்டதால், அங்கே மூன்றாவதாக ஒருத்திக்கு இடமில்லாமல் போயிற்று. அவள் இல்லாததால் வந்தியத்தேவனும் மாறிவிடுகிறான். துடுக்கும் குறும்புமாகக் குதிரையேறி வந்த இளைஞன், தனக்காக அழிந்த ஒருத்தியின் முன் கலங்கி முதிர்ச்சியடைகிற பகுதி படத்தில் கிடையாது. சுருக்கம் கருதி எதையெதையோ விடலாம். இதை விட்டிருக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் ஊரில் பிறந்த ஆலன் பேட்டனின் ‘க்ரை, த பிலவ்ட் கன்ட்ரி’ நாவல் இருமுறை படமாகியிருக்கிறது. கதை ஒன்றாக இருந்தும் இரண்டும் வேறுவேறு உணர்வைத் தருவது ஏன்?
– வாசகர் ஒருவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: படம் எடுக்கப்பட்ட காலமே முதன்மையான காரணம். நாவல் வெளிவந்த 1948ஆம் ஆண்டிலேயே, நிறவெறிக் கொள்கையை முன்வைத்த தேசியக் கட்சி தென்னாப்பிரிக்காவில் ஆட்சியைப் பிடித்தது. பேட்டனே திரைக்கதை எழுத, சோல்டன் கோர்டா இயக்கிய 1951ஆம் ஆண்டுப் படம் நிறவெறிச் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த நாள்களில் திரைக்கு வந்தது. நம் டர்பனைச் சேர்ந்த அனந்த் சிங் தயாரித்து, டாரல் ரூட் இயக்கிய படமோ 1995இல், எல்லோரும் வாக்களித்த முதல் தேர்தலுக்கு மறு ஆண்டு வந்தது. மகனைப் பறிகொடுத்த வெள்ளையர் ஜார்விஸும் அவனைக் கொன்றவனின் தந்தையான கறுப்பினப் பாதிரியார் குமாலோவும் நெருங்கி வருவது முன்னதில் வேண்டுதலாகவும், பின்னதில் கைகூடத் தொடங்கிய ஒன்றாகவும் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாவலில் குமாலோ இடம்பெறாத பக்கங்களும் உண்டு. ஜோஹானஸ்பர்க்கின் குடிசைப் பகுதியில், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையுடன் மருத்துவரை எதிர்பார்த்துத் தவிக்கும் ஒரு தாயின் குரல் அங்கே கேட்கிறது. ஒரு மனிதரின் பயணத்தைப் பின்தொடரும் திரைக்கதையில் இத்தகைய குரல்களுக்கு இடம் கிடைப்பது அரிது. ஆகவே படங்களை மட்டும் பார்த்தவர்கள் அந்த ஒன்பதாம் அத்தியாயத்தையாவது தேடிப் படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.