பையன் குட்டை, தலை சின்னது: மூளை ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது முடிந்துவிட்டது. உயரம் 114 செ.மீ. வகுப்பில் அவன்தான் குட்டை. தலையும் சின்னதாகத்தான் தெரிகிறது. பிள்ளையார் நோன்புக்குப் பங்காளிகள் எல்லாரும் கோட்டையூர் வீட்டில் கூடியிருந்தபோது, பெரிய அப்பத்தா ஒருவர், "மண்டை சிறுத்தா மூளையும் சிறுசாத்தான இருக்கும், படிப்பு எப்படி ஏறும்?" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்கள். கணக்கெல்லாம் நன்றாகப் போடுகிறான். வாசிக்கச் சொன்னால்தான் திணறுகிறான். உயரம் வளரப் பவுடர் கொடுக்கலாமா? மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா, டாக்டர்?

பதில்: ஸ்கேன் வேண்டாம்மா. பவுடரும் வேண்டாம். தையற்காரர் வைத்திருக்கிற மாதிரி ஒரு அளவு நாடா போதும்.

அப்பத்தா சொன்னதை முழுக்கப் பொய் என்று தள்ளிவிட முடியாது. அதில் ஒரு துளி உண்மை உண்டு. மூளையின் அளவையும் நுண்ணறிவுத் தேர்வு மதிப்பெண்ணையும் ஒப்பிட்ட 88 ஆய்வுகளை 2015-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 8,000 பேருக்கும் மேல். இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் எண்ணான ஒட்டுறவுக் கெழு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.24 என்று வந்தது. எல்லாரும் ஒரே மதிப்பெண் எடுப்பதில்லை அல்லவா, அந்த ஏற்றத்தாழ்வில் நூற்றுக்கு ஆறு பங்கு வரைக்கும்தான் மூளையின் அளவோடு சேர்ந்து போகிறது என்று பொருள். மீதி 94 பங்குக்கு அளவு பதில் சொல்வதில்லை. உயரத்தின் கதை இன்னும் மெலிந்தது. கெழு பெரும்பாலும் 0.1 முதல் 0.2-க்குள்தான் நிற்கிறது. ஆயிரக்கணக்கானவர்களின் சராசரியில் தெரிகிற இந்தச் சிறு சாய்வை வைத்து உங்கள் வீட்டுப் பையன் ஒருவனுக்கு ஜோசியம் சொல்ல முடியாது.

யானையின் மூளை நம்முடையதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு எடை. ஆனால் யோசிக்கவும் திட்டமிடவும் உதவும் மேற்புற அடுக்கில் யானைக்கு இருக்கிற நரம்பணுக்கள் சுமார் 560 கோடி. நமக்கோ சுமார் 1,600 கோடி. தெருவுக்குத் தெரு நீண்டு கிடக்கிற வீட்டை வெளியில் நின்று பார்த்து, உள்ளே எத்தனை பேர் புழங்குகிறார்கள் என்று சொல்ல முடியுமா? அதே மாதிரிதான். எத்தனை அணுக்கள், அவை தங்களுக்குள் எப்படி இணைந்திருக்கின்றன என்பதெல்லாம் தலையின் சுற்றளவில் தெரியாது. இன்னொன்று: ஆண்களின் மூளை பெண்களுடையதைவிடச் சராசரியாகப் பத்து சதவீதம் பெரியது. நுண்ணறிவுத் தேர்வின் சராசரியில் அந்தப் பத்து சதவீதம் காணவே காணோம். உங்கள் செட்டிநாட்டு ஆண்கள் வியாபாரத்துக்காகப் பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த காலத்தில் இங்கே வீட்டு நிர்வாகத்தையும் வரவு செலவையும் கட்டிக்காத்த ஆச்சிமார்களைப் பற்றி அப்பத்தாவுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஐன்ஸ்டீன் மூளை 1,230 கிராம்தான், சராசரி ஆணின் மூளையைவிடக் குறைவு என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். கணித மேதை ராமானுஜன் குட்டை என்பார்கள். எல்லாம் உண்மை. ஆனால் நெட்டையான மேதைகளையும் இதே போல வரிசையாகச் சொல்லலாம் என்பதால் இந்த ஆறுதலை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

சரி, உயரத்துக்கும் அறிவுக்கும் அந்தச் சிறு தொடர்பாவது ஏன் வருகிறது? பெரும்பாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருப்பதால்தான். மரபணுக்களில் ஒரு பகுதி பொது. கருவில் இருக்கும்போதும் முதல் இரண்டு வயதிலும் சத்துக் குறைவு, இரும்புச்சத்துக் குறைவு, அயோடின் குறைவு, அடிக்கடி வயிற்றுப்போக்கு என்று வந்தால் எலும்பும் தேங்கும், மூளையும் பாதிக்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அந்தக் குழந்தைகளைப் பற்றி நான் கவலைப்படுவேன். அப்போதும் கவலை உயரத்தைப் பற்றியது அல்ல, உயரத்தைக் குறைத்த காரணத்தைப் பற்றியது.

உங்கள் மகனுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி 7 வயதுப் பையனின் நடு உயரம் ஏறக்குறைய 122 செ.மீ.; கீழ் எல்லை 111 பக்கம். 114 என்பது குட்டைதான், ஆனால் எல்லைக்குள். அப்புறம், பெற்றோரின் உயரத்தையும் பார்க்க வேண்டும். அப்பா, அம்மா உயரத்தைக் கூட்டி, பையன் என்றால் 13 சேர்த்து, இரண்டால் வகுங்கள். அப்பா 163, அம்மா 150 என்றால் விடை 163. அதற்கு எட்டு செ.மீ. மேலோ கீழோ வளர்ந்து நிற்பான். வீட்டோடு குட்டை என்றால் பையனும் குட்டை, அவ்வளவுதான்.

ஒரே ஒரு நாள் அளவைவிட வளர்கிற வேகம் முக்கியம். இந்த வயதில் ஆண்டுக்கு ஐந்து, ஆறு செ.மீ. வளர வேண்டும். செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி, தலைமேல் ஒரு நோட்டை மட்டமாக வைத்துக் கோடு போடுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி. ஆண்டுக்கு நாலு செ.மீ.கூட ஏறவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு, ரத்தசோகை பார்ப்பார்கள். தலையை, புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கிப் பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி அளக்க வேண்டும். இந்த வயதில் 50 முதல் 53 செ.மீ. வரை சாதாரணம். 49-க்கும் கீழே இருந்தால் மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும். உங்கள் தலையையும் கணவர் தலையையும் அளந்துவிட்டே போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

பவுடருக்கு ஆகிற காசுக்கு முட்டையும் பாலும் பயறும் வாங்கலாம். பல பவுடர்களில் சர்க்கரைதான் தாராளமாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு: வாசிக்கத் திணறுகிறான் என்பது. கணக்கு வருகிறது, வாசிப்பு மட்டும் வரவில்லை என்றால் தலை அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள், இந்த மாதமே. இரண்டும் சரி என்றால், எழுத்துகளை இடம் மாற்றிப் படிக்கிறானா, ஒரே வார்த்தையை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தடவுகிறானா என்று வகுப்பு ஆசிரியையிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். புத்திசாலிப் பிள்ளைகளுக்கும் வருவதுதான் அது. குழந்தை மருத்துவர் வழியாக உளவியலாளரிடம் மதிப்பீடு செய்து, தனிப்பயிற்சியை எட்டு வயதுக்குள் தொடங்கினால் பலன் நன்றாக இருக்கும்.