கிடையில் களவு: ஆடு வளர்ப்போர் கேள்வி பதில்

பதில் சொல்கிறவன் கீதாரி (ஆட்டு மந்தைத் தலைவர்) வீட்டுப் பிள்ளை. கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இன்றைக்கு ஆட்டுக் களவு மட்டும். கோழிக்கு வேறு ஒரு நாள்.

கயத்தாறு அன்பர்: மூன்று ஆடு போனதற்கு இவ்வளவு அழுகையா என்கிறார் மைத்துனர். உண்மையில் நட்டம் எவ்வளவு?

சந்தை விலையை மட்டும் எண்ணுகிறவர் அப்படித்தான் கேட்பார். செம்மறிக்கு ஐந்து மாதச் சினை. போனது சினை ஆடு என்றால் வயிற்றுக் குட்டியும் சேர்ந்து போகிறது. பால் ஆடு என்றால் குட்டி இங்கே கிடக்கும். எங்கள் கிடையில், அதாவது ராத்திரி மந்தையை வயலில் அடைக்கிற இடத்தில், ஓர் ஐப்பசி விடியலில் குட்டிகளை மூடியிருந்த கூடையைத் தூக்கினோம். மூன்று குட்டிகள் ஓடிப்போய்த் தாய் படுக்கிற இடத்தில் நின்று கத்தின. பக்கத்து ஆட்டின் மடியில் வாய் வைக்கப் போனால் அது மோந்து பார்த்துவிட்டு முட்டித் தள்ளியது. அப்பா ஒரு வெள்ளாட்டைக் காலிடுக்கில் பிடித்து நிறுத்தி ஊட்டவிட்டார். இரண்டு பிழைத்தன.

அப்புறம் வாரம், அதாவது பங்குக்கு மேய்ப்பது. வாரத்துக்கு ஆடு வாங்கி மேய்க்கிறவருக்குப் பிறக்கிற குட்டியில் பாதிதான் சொந்தம், தாய் ஊர்க்காரருடையது. அது காணாமல் போனால் "களவு போச்சா, வித்துட்டியா" என்ற கேள்வி வரும். வாய்விட்டுக் கேட்காதவர் அடுத்த வருஷம் ஆடு தரமாட்டார். மந்தை சுருங்கினால் வயல்காரர் கிடை போடக் கூப்பிடமாட்டார், கிடைக்கூலியும் போயிற்று. பகலெல்லாம் நடந்துவிட்டு ராத்திரியும் முழித்துக் கிடக்கிற வேலைக்கு எந்தப் பையன் வருவான்? களவுக்குப் பயந்தே மந்தையை விற்றுவிட்டுச் செங்கல் சூளைக்குப் போன குடும்பங்கள் எனக்குத் தெரியும். உங்கள் மைத்துனரை ஒரே ஒரு ராத்திரி கிடைக்காவலுக்கு அனுப்புங்கள்.

மானூர் அன்பர்: பைக்கில் துரத்திப் பிடிக்கலாமா?

கூடாது. 2021 நவம்பரில் ஆடு திருடர்களை ராத்திரியில் பைக்கில் விரட்டிப் போன திருச்சி நவல்பட்டு சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கம் வெட்டிக் கொல்லப்பட்டார். போலீஸ்காரருக்கே அந்தக் கதி. வண்டி நம்பரைப் பாருங்கள், 100க்கு அடியுங்கள்.

தேவர்குளம் அன்பர்: ஸ்டேஷனில் மனு ரசீது கொடுத்து அனுப்பிவிட்டார்கள். போதுமா?

போதாது. எங்கள் அப்பாவும் அந்த ரசீதை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார், அதோடு சரி. எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்த களவு என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 379 கிடையாது, பாரதிய நியாய சன்ஹிதா 303(2). மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம். புகாரில் "ஆடு காணவில்லை" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். எத்தனை உருப்படி, சினையா, நிறம், காது வெட்டு, மொத்த மதிப்பு எல்லாம் வேண்டும். மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே, முதல் தடவை, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் சமூக சேவையோடு முடிகிற களவு அது. கிடாவைக் கோழி விலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் புலம்பாதீர்கள்.

சங்கரன்கோவில் அன்பர்: இன்சூரன்ஸ் கிடைக்குமா?

சாவுக்குத்தான். வழக்கமான பாலிசியில் களவு விலக்குப் பட்டியலில் இருக்கும். கையெழுத்துப் போடுமுன் படியுங்கள்.

பாளையங்கோட்டை அன்பர்: ஆநிரை கவர்தல் தமிழனின் வீர மரபு. வெட்சிப் பூச் சூடி மாடு கவரப் போவதைப் பாட வெட்சித் திணையே இருக்கிறதே? நீங்கள் அதைக் களவு என்று சிறுமைப்படுத்தலாமா?

இதற்காகத்தான் காத்திருந்தேன். களவு என்ற சொல்லை நான் போடவில்லை ஐயா, தொல்காப்பியர் போட்டது: "வேற்றுப்புலக் களவின் ஆதந்து ஓம்பல்". கடைசிச் சொல்லைப் பாருங்கள். ஓம்பல். கொண்டுவந்த மாட்டை வைத்துக் காப்பாற்றுவது. இன்றைக்கு வருகிறவன் வாயைக் கட்டி, பின் சீட்டைக் கழற்றிய காரில் திணித்து, விடியுமுன் தொலியை உரித்துவிடுகிறான். அதற்கு எந்தப் பூவைச் சூட்டுவது? தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி (பழைய தமிழ் எழுத்து) நடுகல்லில் கூடலூர் ஆகோள், அதாவது மாடு கவர்தல், வருகிறது. அங்கேயும் ஒருவன் செத்திருக்கிறான், அதனால்தான் கல்.

அதே அன்பர்: மீட்கப் போன கரந்தை வீரனையும் பாடினார்களே?

பாடினார்கள். அந்தக் கரந்தைக்காரன்தான் எங்கள் ஆள். நீங்கள் வெட்சிக்காரனுக்கு வக்கீலாக வந்தீர்கள்.

களக்காடு அன்பர்: சுற்றி வளைக்க வேண்டாம். எந்தச் சாதிக்காரன் திருடுகிறான் என்று சொல்லுங்கள்.

சொல்லமாட்டேன், ஏனென்றால் அது பதிலே இல்லை. நம் சீமையில் அந்தக் காலத்தில் காவல்கூலி வாங்கினார்கள். கூலி நின்ற ஊரில் மாடு காணாமல் போகும். துப்புக்கூலி, அதாவது மாட்டைக் கண்டுபிடித்துத் தரக் கேட்கிற பணம், கொடுத்தால் கட்டுத்தறிக்குத் திரும்பும். அதை ஏற்பாடு என்று பார்க்காமல் வெள்ளைக்காரன் பிறப்பைக் குற்றமாக்கிக் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான், 1911க்குப் பிறகு இங்கே கைரேகை வைத்தே சனம் அலைந்தது. ஆட்டை யார் வாங்குகிறான், ரசீதில்லாமல் அறுக்கிறவன் யார் என்று கேளுங்கள். வாங்க ஆளில்லாவிட்டால் நடுராத்திரியில் எவன் ஆடு தூக்குவான்? இந்தப் பேச்சு இதோடு போதும்.

கடையம் அன்பர்: நாய் வளர்த்தால் போதுமா?

மழை ராத்திரியில் நாய் திண்ணையில் சுருண்டுவிடும். இரண்டு வெள்ளாட்டைக் கிடையில் சேர்த்துக் கட்டுங்கள். செம்மறியைத் தூக்கினால் சத்தம் வராது, வெள்ளாடு ஊரைக் கூட்டும்.

வள்ளியூர் அன்பர்: திருடனை நாமே விரட்டிப் பிடித்தால்…

மானூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நாங்குநேரி அன்பர்: கென்யாவிலும் இப்படியாமே?

அங்கே வடக்கே துர்க்கானா, போக்கோட் மக்களிடையே துப்பாக்கியோடு மந்தையையே ஓட்டிப் போகிறார்கள். கிணறும் மேய்ச்சலும் ஆளில்லாமல் கிடக்கிறது. நம்முடையது சில்லறைக் களவு. ஆனால் பயந்து மேய்ச்சல் நிலத்தைக் கைவிடுவது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

முக்கூடல் அன்பர்: பரண் கொட்டகை போட எவ்வளவு ஆகும்?

கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

பேட்டை அன்பர்: களவு போன என் கிடா மேலப்பாளையம் சந்தையில் நிற்கிறது என்கிறார்கள். எப்படி நிரூபிப்பது?

செவ்வாய்க்கிழமை வெள்ளனப் போங்கள், எஃப்.ஐ.ஆர். நகலோடு. பத்தடி தள்ளி நின்று, தினமும் தண்ணிக்குக் கூப்பிடுகிற அதே குரல் கொடுங்கள். உங்கள் கிடா என்றால் தலையைத் தூக்கும். அதைப் பக்கத்தில் இருக்கிற இரண்டு பேர் பார்க்கட்டும். பிறகு காது வெட்டைப் போட்டோவோடு ஒப்பிட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள். கயிற்றில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள். பிடித்திருக்கிறவன் காசு கொடுத்து வாங்கிய அப்பாவியாகவும் இருக்கலாம், இடுப்பில் கத்தி வைத்திருப்பவனாகவும் இருக்கலாம்.