Re: சி77-ன்னு போட்ட போட்டோவும் வாரியரும் ஒரே கப்பலா?

ஆமாங்க, சி77-ம் பிரிட்டிஷ் கடற்படையோட பழைய போர்க்கப்பல் வாரியரும் ஒரே கப்பல்தான், சந்தேகமே வேணாம். நீங்க போட்ட பாய்மரம் இல்லாத மொட்டை போட்டோ, வேல்ஸ்ல இருக்குற பெம்ப்ரோக் டாக் ஊர்ல எண்ணெய் ஜெட்டியா, அதாவது எண்ணெய் ஏத்த வர்ற கப்பலுங்க கட்டி நிக்கிற மிதக்குற துறையா, கிடந்த காலத்தோடது. 1860 டிசம்பர்ல லண்டன் பிளாக்வால்ல கட்டி தண்ணில இறக்கின ஹெச்எம்எஸ் வாரியர், முழு இரும்பு உடம்பு, அதுமேல நாலரை இஞ்ச் கவசம், கவசத்துக்குப் பின்னால தேக்கு. பத்து வருஷத்துலயே காலாவதி ஆகி 1883ல சர்வீஸ விட்டு எடுத்துட்டாங்க, 1904ல வெர்னான்ங்கிற கடற்படை டார்பிடோ பயிற்சி ஸ்கூல்ல சேர்த்து வெர்னான் III-ன்னு பேரை மாத்தி, 1924ல விக்கப் பாத்தா வாங்க ஆளே இல்ல. அதனாலதான் ஜெட்டியா மாத்தி 1929ல வேல்ஸுக்கு இழுத்துட்டுப் போய் கட்டி வெச்சாங்க, டெக்ல கான்கிரீட்டும் போட்டிருந்தாங்க. இதுக்குத் திரும்ப வெச்சிருந்த வாரியர்ங்கிற பேரு புது விமானந்தாங்கிக் கப்பலுக்குத் தேவைப்பட்டுச்சு, 1942ல இது வெறும் சி77. எனக்கு இன்னும் மனசு வலிக்கிற விஷயம் அது. ஆனா அந்த கெட்டி இரும்புதான் அம்பது வருஷம் தாக்குப்பிடிக்க வெச்சுது, 1979ல ஹார்ட்டில்பூல் போய் பழுது பாத்து 1987ல போர்ட்ஸ்மவுத் வந்துச்சு.

உங்க மாடலுக்கு சொல்றேன், 1861 தோற்றம்னா பின்பக்கம் உயர்ந்து நிக்கிற பூப் டெக் வைக்காதீங்க, அது 1870கள்ல கப்பலைப் புதுப்பிச்சப்ப வந்தது. பாய் விரிச்ச மாதிரி செய்றீங்கன்னா ரெண்டு புகைபோக்கியையும் கீழ இறக்கிடுங்க, அதுங்க டெலஸ்கோப் மாதிரி மடங்கும், புரொப்பல்லரையும் மேல தூக்கிடுவாங்க.