மலாவி அகதிகள் முகாமில் இரண்டு வாரம் தன்னார்வத் தொண்டு செய்யப் போகலாமா?

கேட்டவர் எழுதியிருப்பது இது: வயது 24, பெங்களூரில் ஐடி வேலை, மனசு சலித்துப் போயிருக்கிறது. இணையத்தில் பார்த்த ஒரு நிறுவனம் ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் ஜலேக்கா அகதிகள் முகாமில் இரண்டு வாரம் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தர ஏற்பாடு செய்கிறதாம். கடைசி மூன்று நாள் மலாவி ஏரியில் படகுச் சவாரி. போகலாமா?

பணத்தைக் கட்டிவிடாதீர்கள் அம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏன் என்று கேட்டால் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் திண்டுக்கல் பக்கம் அரசுப் பள்ளியில் 31 வருஷம் கணக்கு எடுத்தவள். 2022 மே மாதம் ஓய்வு பெற்றேன். என் மகனுக்கு மலாவித் தலைநகர் லிலோங்வேயில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கர் வேலை. 2023 ஜனவரியில் அவனோடு இருக்கப் போனேன், ஜூன் கடைசியில் திரும்பினேன். "மகன் அங்கே இருந்தான், உங்களுக்கு என்ன, சுலபம்" என்று யாராவது சொல்வதற்கு முன்னால் நானே ஒப்புக்கொள்கிறேன். தங்குவதற்கு இடமும் சமைத்துச் சாப்பிட அடுப்பும் எனக்கு இருந்தன, உங்களுக்கு அது இருக்காது. அதனால்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

ஜலேக்கா, லிலோங்வேயிலிருந்து வடக்கே சுமார் ஒரு மணி நேரப் பயணம். டோவா மாவட்டம். மலாவியின் முதல் அதிபர் ஹேஸ்டிங்ஸ் பண்டா ஆட்சியில் அது அரசியல் கைதிகளை அடைத்துவைத்த சிறை. 'இனிமேல் செய்யமாட்டேன்' என்பதுதான் உள்ளூர் மொழியான சிச்சேவாவில் அந்தப் பெயருக்குப் பொருள் என்று அங்கே சொல்வார்கள். 1994-ல் அதை அகதிகள் முகாமாக மாற்றினார்கள். 10,000 முதல் 12,000 பேருக்கென்று போட்ட இடம். நான் போனபோது 50,000 பேருக்கும் மேல் இருந்தார்கள். கொங்கோ, புருண்டி, ருவாண்டாவிலிருந்து வந்தவர்கள்தான் பெரும்பாலும். எத்தியோப்பியர்களும் சோமாலியர்களும் குறைவான எண்ணிக்கையில் உண்டு. கூடாரங்கள் இருக்கும் என்று நினைத்துப் போனேன். பார்த்தது ஒரு ஊர். செம்மண் செங்கல் வீடுகள், சந்தை, தையல் கடைகள், மந்தாசி சுடும் பெண்கள் (நம் இனிப்புப் போண்டா மாதிரி), ஞாயிற்றுக்கிழமை ஆறேழு பக்கத்திலிருந்து ஒரே நேரத்தில் வரும் தேவாலயப் பாட்டு.

என் மகனோடு வேலை பார்ப்பவர் மூலம் முகாமுக்குள் நடக்கும் ஒரு சின்னப் பள்ளியில் பேசி, உரிய அனுமதி வாங்கி, வாரம் நான்கு நாள் போக ஆரம்பித்தேன். பெயர் சொல்லமாட்டேன், அங்கே இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. இரண்டாம் படிவத்துக்கு, அதாவது நம் பத்தாம் வகுப்பு மாதிரி, கணக்குப் பாடத்தை என்னிடம் கொடுத்தார்கள். ஒரு வகுப்பில் 90 பேர். பெஞ்சு பாதிப் பேருக்குத்தான். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஊருக்கு வாட்ஸப்பில் படம்கூட அனுப்பினேன்.

இரண்டாவது வாரம் ஒரு தேர்வு வைத்தேன். தாள் திருத்தும்போது ஏழெட்டுப் பிள்ளைகள் விடையை 3,5 என்று எழுதியிருந்தார்கள். மூன்று, ஐந்து என்று இரண்டு விடை எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துத் தவறு போட்டுவிட்டேன். வகுத்தல் கணக்கில் வகுக்கும் எண்ணை வலது பக்கம் ஒரு கோடு போட்டு எழுதியிருந்தார்கள், அதையும் படிமுறை தவறு என்று மதிப்பெண் குறைத்தேன். ஒரு பையனின் ஒன்றுகளையெல்லாம் ஏழு என்று படித்திருக்கிறேன். தாளை வாங்கியவர்கள் ஒன்றும் பேசவில்லை. ஒரு பையன் மட்டும் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த இரண்டு நாள் வரவே இல்லை.

அந்தப் பள்ளியில் ஒருவர் நூலக அறையில் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருப்பார். நாற்பது வயதிருக்கும். எல்லோரும் அவரை 'ம்வாலிமு' என்பார்கள், ஸ்வாஹிலியில் ஆசிரியர். மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். அவர்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "மாமா, ஒரு நிமிடம்" என்றார். (அவர்கள் மொழியில் தாயை மாமா என்பார்கள். முதல் நாள் எனக்குத் திடுக்கென்றிருந்தது.) கொங்கோவில் பிரெஞ்சு முறைப் படிப்பு, நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அங்கே காற்புள்ளி வைப்பார்கள், 3,5 என்றால் மூன்றரை. வகுத்தலும் அப்படித்தான் எழுதுவார்கள். ஒன்றுக்கு மேலே நீளமாக ஒரு கோடு இழுப்பார்கள், ஏழுக்குக் குறுக்கே கோடு போடுவார்கள். பிள்ளைகள் தவறாகச் செய்யவில்லை. இரண்டு முறையையும் பக்கத்தில் பக்கத்தில் கரும்பலகையில் போட்டுக்காட்டினால் ஒரு மாதத்தில் மலாவித் தேர்வு முறைக்கு வந்துவிடுவார்கள் என்றார். கரும்பலகையில் நான் நம் வழக்கப்படி 1,00,000 என்று எழுதியது அவர்கள் கண்ணுக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்பதையும் அவரே மெதுவாகச் சொன்னார்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். புக்காவுவில் கணிதப் பட்டம் பெற்றவர். உவிராவில் பள்ளி ஆசிரியர். சண்டை வந்தபோது டாங்கன்யிக்கா ஏரியைக் கடந்து, தான்சானியா முழுவதும் தாண்டி, கரோங்கா எல்லை வழியாக மலாவிக்குள் வந்தவர். ஒன்பது வருஷமாக அந்தப் பள்ளியில் கணக்கு எடுத்தவர்.

நான் போகும்வரை.

வெளிநாட்டிலிருந்து அனுபவமுள்ள ஆசிரியை சம்பளமில்லாமல் வருகிறார் என்றதும், அவருடைய வகுப்பை எனக்குக் கொடுத்து, அவரை நூலகத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அகதி ஆசிரியர்களுக்குச் சம்பளம் என்று பெயர் கிடையாது, 'ஊக்கத்தொகை' என்று ஒரு சிறு தொகை. வகுப்பு நேரம் குறைந்ததால் அதுவும் குறைந்திருக்கிறது. வீட்டில் நான்கு குழந்தைகள். உலக உணவுத் திட்டத்தின் பங்கீட்டை நிதி இல்லையென்று பலமுறை குறைத்திருந்த காலம் அது. மூன்று வாரம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியதும் தன் பிழைப்புக்காக இல்லை, அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்காக.

அன்று இரவு என்னால் சாப்பிட முடியவில்லை. மறுநாள் போய் வகுப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். பழையபடி முழு நேரம் கிடைக்க அவருக்கு அந்த மாதம் முழுக்க ஆனது. பிறகு கடைசிவரை நான் அவருக்கு உதவியாளாகத்தான் இருந்தேன். தாள் திருத்தினேன், பின்தங்கிய பிள்ளைகளைப் பத்துப் பத்துப் பேராக மரத்தடியில் உட்காரவைத்தேன். 31 வருஷ அனுபவத்தில் நான் உருப்படியாகச் செய்த வேலைகளில் அதையும் சேர்த்துக்கொள்வேன்.

உங்களுக்கு அந்த நிறுவனம் விற்பது யாரோ ஒரு ம்வாலிமுவின் வகுப்பறையாக இருக்கலாம். ஒன்றரை லட்சத்தில் அவருக்கு எவ்வளவு போகும் என்று எழுத்தில் கேளுங்கள். என்ன பதில் வருகிறது என்று பாருங்கள்.

இரண்டு வாரத்தில் 90 பிள்ளைகளின் பெயரைக்கூட நீங்கள் கற்றுக்கொள்ள முடியாது. எனக்கு ஏழு வாரம் ஆனது. அவர்கள் அதற்குள் அடுத்த முகத்துக்குத் தயாராக வேண்டும்.

"அப்படியென்றால் யாருமே போகக் கூடாதா, வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டுமா" என்று ஒருவர் வருவார். அப்படிச் சொல்லவில்லை. மருத்துவர், செவிலியர், பேறுகால உதவி தெரிந்தவர் போனால் அது வேறு. நான் இருந்த அந்த மாதங்களில் மலாவி வரலாற்றிலேயே மோசமான காலரா, நாடு முழுவதும் 1,700 பேருக்கும் மேல் இறந்தார்கள். மார்ச்சில் ஃப்ரெடி புயல் தெற்கே ஊர்களையே அடித்துக்கொண்டு போனது. அப்போது வேலை தெரிந்த ஆள் தேவைப்பட்டது. வெறும் ஆள் இருந்தால் போதவில்லை.

இன்னொருவர், "நம் ஊரிலேயே இலங்கைத் தமிழர் முகாம் இருக்க ஆப்பிரிக்கா எதற்கு" என்பார். அந்தக் கேள்வி என்னைச் சுடும், சுடட்டும். தோட்டனூத்து முகாம் பிள்ளைகள் என் வகுப்பில் படித்திருக்கிறார்கள். நன்றாகப் படித்தவர்கள். அவர்கள் வீட்டுக்கு ஒரு நாள்கூட நான் போனதில்லை. ஜலேக்காவிலிருந்து திரும்பிய பிறகுதான் போனேன்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஏன் போகவில்லை என்று யோசித்தால் நேரமே இல்லை. தேர்தல் வேலை, கணக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல், கடைசி ஐந்தாறு வருஷம் கைப்பேசிச் செயலியில் தினமும் விவரம் ஏற்றுவது. பாடம் நடத்தும் நேரத்தில் பிள்ளைகளின் உயரமும் எடையும் ரத்த வகையும் தட்டிக்கொண்டிருந்தோம், சிக்னல் கிடைக்க மொட்டை மாடிக்குப் போனோம். 90 பேருக்கு ஒரு ஆசிரியர் இருந்த அந்த முகாம் பள்ளியில் ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பொறாமையாக இருந்தது. ம்வாலிமுவை வகுப்பு நடக்கும்போது யாரும் வெளியே கூப்பிடவில்லை. இங்கே ஆசிரியர்கள் சோம்பேறிகள் என்று எழுதுகிறவர்கள் ஒரு மாதம் வந்து எங்களோடு நிற்கட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் இருந்தபோது மலாவிச் சட்டப்படி அகதிகள் முகாமில்தான் இருக்க வேண்டும், வெளியே தாமாகப் போய் வேலை பார்க்கவோ கடை வைக்கவோ முடியாது. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் மலாவி கையெழுத்துப் போட்டபோதே வேலை, நடமாட்டம் போன்ற சில உரிமைகளுக்குக் கட்டுப்படமாட்டோம் என்று விலக்கு வைத்துக்கொண்டது. இருந்தாலும் பல வருஷமாக நிறையப் பேர் லிலோங்வேயில் கடை நடத்தி வாழ்ந்தார்கள். 2023 மார்ச்சில், ஏப்ரல் 15-க்குள் எல்லோரும் முகாமுக்குத் திரும்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. மே மாதம் பிடித்துவர ஆரம்பித்தார்கள். எங்கள் வகுப்பில் ஒரே வாரத்தில் 11 புதுப் பிள்ளைகள். நகரத்துப் பள்ளிச் சீருடையிலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். மாற்றுத் துணி எடுக்க நேரமில்லை என்றாள் ஒருத்தி.

இதற்காக மலாவிக்காரர்களைத் திட்டாதீர்கள், அதுவும் நியாயமில்லை. உலகத்தின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. மொசாம்பிக் உள்நாட்டுப் போரில் பத்து லட்சம் பேருக்கும் மேல் ஓடிவந்தபோது கதவைச் சாத்தாத நாடு. முகாமைச் சுற்றியிருக்கும் கிராமத்துப் பிள்ளைகளும் எங்கள் வகுப்பில் இருந்தார்கள், அவர்களுக்கும் செருப்பில்லை.

என் வகுப்பில் 17 வயதுப் பெண் ஒருத்தி. பெற்றோர் ருவாண்டாவிலிருந்து வந்தவர்கள், அவள் ஜலேக்காவிலேயே பிறந்தவள். முக்கோணவியல் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒருநாள் என் பாஸ்போர்ட்டைப் பார்க்கலாமா என்று கேட்டாள். கொடுத்தேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள், வெற்றுப் பக்கங்களையும். பிறகு, "இங்கே வர உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்?" என்றாள். விசாவைக் காட்டினேன். அவள் கேட்டது அதையில்லை. "உங்கள் ஊரைவிட்டுக் கிளம்ப யார் அனுமதி கொடுத்தார்கள்?" யாரும் கொடுக்க வேண்டியதில்லை என்றேன். பாஸ்போர்ட்டை மூடி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

உங்களுக்கு உண்மையாகவே ஆசை இருந்தால் நான் சொல்வது இது. மலாவிக்குப் போங்கள், சுற்றுலாப் பயணியாகவே போங்கள், அதில் வெட்கமில்லை. ஏரியைப் பாருங்கள், ஏரிக்கரை ஊரான கேப் மெக்ளியரில் சம்போ மீன் சாப்பிடுங்கள், அந்த நாட்டுக்கு உங்கள் காசு தேவை. ஜலேக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் துமைனி விழா சமயத்தில் போங்கள். மெனெஸ் லா ப்ளூம் என்ற கொங்கோக் கவிஞர், அவரும் அகதியாக வந்தவர், 2014-ல் தொடங்கியது. ஸ்வாஹிலியில் துமைனி என்றால் நம்பிக்கை. பாட்டு, ஆட்டம், நாடகம் பார்க்க முகாமுக்குள் வெளியாட்கள் ஆயிரக்கணக்கில் வருவார்கள். அகதிக் குடும்பங்கள் வீட்டில் தங்கவைக்கும் ஏற்பாடும் உண்டு, அந்தக் காசு நேராக அந்த வீட்டுக்குப் போகும். அங்கே நீங்கள் விருந்தாளி. உங்களை உட்காரவைத்து நிசிமாவும் (மக்காச்சோள மாவில் கிண்டும் களி) பீன்ஸும் அவர்கள் பரிமாறுவார்கள், அதைச் செய்ய அவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கட்டும்.

ஐடி வேலை தெரிந்தவர் என்கிறீர்கள். முகாமில் நிரல் எழுதக் கற்ற இளைஞர்கள் இருக்கிறார்கள், அகதிகளே மற்ற அகதிகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். இரண்டு வாரம் நேரில் நிற்பதைவிட, பெங்களூரில் இருந்தபடி ஒரு வருஷம், வாரம் இரண்டு மணி நேரம் ஒருவரோடு உட்காருங்கள். முடிந்தால் காசு கொடுத்து ஒரு வேலை வாங்கிக் கொடுங்கள்.

யாரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், எடுத்ததைப் போடாதீர்கள். சிலரை அவர்கள் நாட்டில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நான் அனுப்பிய வாட்ஸப் படங்களையெல்லாம் ஒவ்வொருவரிடமும் சொல்லி அழிக்கவைத்தேன்.

அடிஸ் அபாபா வழியாகப் போவதாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது 10 நாள் முன்னாலேயே போட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைப் பாருங்கள். சம்பளமில்லாத வேலைக்கும் சுற்றுலா விசா செல்லுமா என்று தூதரகத்திடம் நேராகக் கேளுங்கள், அந்த நிறுவனம் சொல்வதை நம்பாதீர்கள்.

வேறு ஏதாவது தெரிய வேண்டுமென்றால் கீழே கேளுங்கள், பதில் போடுகிறேன். ஞாயிறு சாயங்காலம் மட்டும் தாமதமாகும். அது ம்வாலிமு கணக்குத் தாள்களைப் படமெடுத்து அனுப்பும் நேரம்.