அட்வான்ஸ் வாங்கும் முன் அப்பத்தாவின் பங்கைத் தீர்த்துவிடுங்கள்

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் 1986இல் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய ஐந்தரை சென்ட் மனையில், 1994இல் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கக் கடனில் வீடு கட்டினார். கடன் எப்போதோ அடைந்துவிட்டது. அப்பா 2015இல் உயில் எழுதாமல் காலமானார். அப்பத்தா 2018இல் தவறினார். அம்மா, அண்ணன், நான், திருப்பூரில் கட்டிக்கொடுத்த தங்கை ஆகியோர் இருக்கிறோம். வீட்டை 80 லட்சம் ரூபாய்க்கு விற்க நினைக்கிறோம். தங்கைக்கு 1988லேயே சீர் செய்து கல்யாணம் முடித்துவிட்டதால் அவர் கையெழுத்து வேண்டியதில்லை என்கிறார் அண்ணன். "முதலில் அட்வான்ஸ் வாங்குங்கள், பத்திரமெல்லாம் அப்புறம்" என்கிறார் புரோக்கர். என்னென்ன ஆவணங்கள் தயார் செய்ய வேண்டும்?

பதில்: புரோக்கரின் யோசனையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். 80 லட்சம் கொடுத்து வாங்குகிறவர் பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் வாங்குவார். அந்த வங்கியின் வழக்கறிஞர் உங்கள் பத்திரங்களை வரிவரியாகப் படிப்பார். அவர் கண்டுபிடிக்கப்போகும் குறையை அட்வான்ஸ் வாங்கிய பிறகு சரிசெய்ய முனைந்தால், ஒப்பந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கும். உறவினர் ஒருவர் முறுக்கிக்கொண்டாலும் விலையைக் குறைக்கச் சொல்லும் பிடி வாங்குகிறவர் கைக்குப் போய்விடும்.

முதலில் பங்குதாரர்கள். கொங்குப் பகுதியில் "89க்கு முன் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கில்லை" என்ற பேச்சு இன்றும் பரவலாக இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த அந்த 1989 திருத்தம் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியது. உங்கள் வீடோ அப்பாவின் சுயசம்பாத்தியம். அவர் உயில் எழுதாமல் இறந்ததால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகன், மகள், மனைவி, தாய் அனைவருக்கும் சமபங்கு உண்டு. சீரும் நகையும் எவ்வளவு செய்திருந்தாலும் அந்தப் பங்கு தீராது. தங்கை கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். அவருக்குரிய பணத்தையும் கொடுப்பதுதான் நியாயம்.

பட்டியலில் தாயும் இருப்பதைக் கவனித்தீர்களா? அப்பா இறந்தபோது அப்பத்தா உயிரோடு இருந்திருக்கிறார். ஆகவே 2015இல் இந்த வீடு நான்கு பங்காக அல்ல, ஐந்து பங்காகப் பிரிந்தது. அவருடைய ஐந்தில் ஒரு பங்கு, அவரும் உயில் எழுதாமல் போயிருந்தால், 2018இல் அவருடைய பிள்ளைகள் எல்லோருக்கும், அதாவது உங்கள் பெரியப்பா, சித்தப்பா, அத்தை என்று யார் யார் உண்டோ அவர்களுக்கும், இறந்த மகனின் பிள்ளைகள் என்ற முறையில் உங்கள் மூவருக்கும் சேர்ந்திருக்கிறது. தாசில்தார் அலுவலகத்தில் அப்பாவுக்கும் அப்பத்தாவுக்கும் தனித்தனியே வாரிசுச் சான்று வாங்குங்கள். சித்தப்பா, அத்தை வீடுகளுக்கு நேரில் போய் விஷயத்தைச் சொல்லி, அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து வாங்கிக்கொள்ளுங்கள். வீடு விலை பேசி முடிந்த செய்தி அவர்கள் காதுக்கு வேறு வழியில் போவதற்கு முன்பே இதைச் செய்வது உறவுக்கும் நல்லது.

அம்மா, அண்ணன், நீங்கள், தங்கை ஆகிய நால்வரும் உங்களுக்குள் விடுதலை எழுதிக்கொள்ளத் தேவையில்லை. நால்வரும் சேர்ந்தே விற்பவர்களாகக் கையெழுத்திடலாம். அப்போது ஆதாயமும் வரியும் அவரவர் பங்குக்கே கணக்காகும்.

அடுத்து, சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் ஆகியவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்று. பதிவுத்துறை இணையதளத்தில் 1986க்கு முன்பிருந்து இன்றுவரைக்கும் எடுத்து, வாங்குகிறவர் பார்ப்பதற்கு முன் நீங்களே படியுங்கள். சங்கக் கடனுக்கு எழுதிய அடமானம் அதில் பதிவாகியிருக்கும்; கடன் அடைந்ததற்கான ரசீது பதிவாகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. பலர் பணத்தைக் கட்டிவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். அடமானம் ஆண்டுக்கணக்கில் சான்றில் அப்படியே நிற்கிறது. அப்படியானால் சங்கத்தில் கணக்கு முடிந்ததற்கான ரசீதைப் பெற்றுப் பதிவு செய்யுங்கள். அசல் பத்திரம் சங்கத்திலிருந்து திரும்பி வந்ததா என்றும் பாருங்கள். தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று பெற வேண்டியிருக்கும். அதற்கு அலைச்சலும் உண்டு, நாளும் ஆகும்.

பெயரையும் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் பெயருடன் கவுண்டர், முதலியார் என்று சாதிப் பெயரும் சேர்ந்திருக்கும். இறப்புச் சான்றிலோ முதலெழுத்துடன் வெறும் பெயர் மட்டும் இருக்கும். இருவரும் ஒருவரே என்று வருவாய்த்துறையிடம் சான்று பெற்று வையுங்கள். பத்திரத்தில் ஐந்தரை சென்ட் என்றும் பட்டாவில் ஐந்தே கால் என்றும் இருந்தால், நில அளவையரை வைத்து அளந்து, எது சரி என்று முடிவு செய்த பிறகே விலை பேசுங்கள். பட்டா, வீட்டு வரி, தண்ணீர் வரி, மின் இணைப்பு, நகராட்சி அனுமதித்த கட்டட வரைபடம் ஆகியவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

காகிதத்தில் வராத விஷயங்களும் உண்டு. வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதை அவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம். பின்பக்கத் தடத்தில் பக்கத்து வீட்டாருக்கு நடை உரிமை இருந்தாலோ, கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றினாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். இதைச் சொல்வதால் விற்பனை கெடும் என்று நான் நினைக்கவில்லை. மறைத்துப் பிறகு தெரியவந்தால்தான் கெடும்.

வரி விஷயத்தில், விற்பனை ஆதாயத்தைக் கணக்கிட, 2001 ஏப்ரல் 1 அன்று வீட்டின் சந்தை மதிப்பு என்ன என்பதற்குப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய சொத்து என்பதால், பணவீக்கத்துக்கு ஏற்ப அந்த மதிப்பை உயர்த்திக் காட்டும் சரிக்கட்டல் இல்லாமல் ஆதாயத்தில் 12.5 சதவீதம், சரிக்கட்டலுடன் 20 சதவீதம் என்று இரு வகையிலும் கணக்கிட்டு, எதில் வரி குறைவோ அதைக் கட்டலாம். விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் வாங்குகிறவர் 1 சதவீதம் வரி பிடித்தே பணம் தருவார். விற்பவர் ஒருவரிடம் பான் எண் இல்லையென்றால் அவர் பங்கில் 20 சதவீதம் பிடிப்பார்கள். அம்மாவுக்கு பான் கார்டு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

விடுதலைப் பத்திரமும் அடமானத் தீர்வும் பதிவாகி, புதிய வில்லங்கச் சான்றில் ஏறியதைக் கண்ட பிறகு அட்வான்ஸ் வாங்குங்கள். அதையும் வங்கி வழியாகவே வாங்குங்கள். வீட்டு விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு.